ஏழாம் அறையில் வீட்டுக்காரன்

அத்தியாயம் ஒன்பது

பொழுது படுமுன் ஒரு போத்தல் இரத்தம். டொக்டர் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு நேரமும் இல்லை.

காலையில் யாகப்புவின் மனைவி பெர்னடெட்டுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை சுகம். தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. அவளுடைய வகை ஓ நெகற்றிவ். அபூர்வமான வகை. வேறு எதையும் அவளுக்கு ஏற்றக்கூடாது. ஆசுபத்திரியில் அது ஒரு சொட்டும் இல்லை. மின்சாரம் போய் மூன்று வருடமான ஊரில் இரத்தத்தைச் சேமித்து வைக்க முடியாது. ஆட்களைத்தான் சேமித்து வைக்க வேண்டும். அந்த ஆட்களின் பெயர்கள் இணுவிலில், இரத்ததானச் சங்கத்தின் கொம்பியூட்டருக்குள் இருந்தன.

யாகப்பு சைக்கிளை மிதித்தான். பின் கரியரில் ஞானாம்பிகை குடையை விரித்தபடி இருந்தாள். காணிப் பதிவுக் கந்தோரில் இருபது வருடம் கள்ள உறுதிப் பத்திரங்களைப் பிடித்தவள். கந்தோர் மூடிய பிறகு தொலைந்த சைக்கிள், ஒளித்த ஆடு, மாறிய மரண சாசனம் என்று எது வந்தாலும் தேடிக் கொடுத்தாள். யாகப்பு ரேடியோ திருத்துகிறவன். அவளுக்குக் காலும் அவன்தான், வாயும் அவன்தான்.

"அக்கா, குடையை மடக்குங்கோ. காத்துப் பிடிக்குது. இது பாய்மரக் கப்பலில்லை."

"நீ வாயை மடக்கு. சைக்கிள் தன்பாட்டிலை ஓடும்."

அவன் மடக்கவில்லை. மடக்கினால் பெர்னடெட்டின் முகம் வந்துவிடும். வெள்ளைச் சீலைபோல வெளுத்த முகம்.

சங்கம் இருந்த வீடு வெளிநாடு போன ஒரு குடும்பத்துடையது. முன்னறையைச் சங்கத்துக்கு விட்டிருந்தார்கள். பின்வளவுக் கொட்டிலில் இடம்பெயர்ந்து வந்த ஒருவர் இருந்தார். ஊரை விட்டு வந்தாலும் ஊர்ப்பெயர் அவரை விடவில்லை. கீரிமலையார். அவருக்கு வேலை, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் குறைசொல்வது.

பத்மாசினி ரீச்சர் வேலிப் படலையடியில் நின்றாள். கொழும்பில் கொம்பியூட்டர் படித்துவிட்டு எண்பத்துமூன்று கலவரத்தோடு ஊருக்கு வந்தவள். சங்கத்தின் பெயர்கள் எல்லாம் அவள் பொறுப்பு. விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது. நிலைக்கு மேலிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் மெசினைப் போடேல்லை. ஜெனரேற்றரை இழும், யாகப்பு. பொறும், பெற்றோல் தாறன்."

அவள் கைப்பைக்குள் கைவிடுமுன் அவன் கயிற்றை இழுத்துவிட்டான். ஒரே இழுவை. ஜெனரேற்றர் உறுமியது.

"பாத்தியளே! கலியாணம் கட்டி ரெண்டு வருசத்திலை என்ரை சொல் கேட்ட முதல் ஆள் இதுதான்."

வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பியது.

"நேத்துப் பின்னேரமும் உந்தச் சனியனை உறும விட்டியள். இண்டைக்கும் தொடங்கிட்டியளோ? எங்கடை கீரிமலையிலை கடல்கூட உப்பிடிக் கத்தாது!"

"நேற்றோ?" என்றாள் ரீச்சர். "நான் நேற்று அச்சுவேலியிலை. ஆரோ உள்ளுக்கை வந்திருக்கினம்."

ஞானாம்பிகை குடையை மடக்கிக் கதிரையில் சாய்த்துவிட்டு அமர்ந்தாள்.

கொம்பியூட்டர் கண்ணைத் திறந்தது. கறுப்புத் திரையில் 'தொடங்குகிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. பக்கத்தில் மூன்று புள்ளிகள். அதோடு நின்றது. யாகப்பு காத்திருந்தான். நாலாவது புள்ளியும் வரவில்லை.

சுவரில் ரீச்சரின் கையெழுத்தில் ஓர் அறிவித்தல் தொங்கியது. 'வெளிப் பிளொப்பி போடக்கூடாது. குறிப்பாக யாகப்பு.'

அவன் ஆறு மாதத்துக்கு முன் ரீச்சரிடம் கொம்பியூட்டர் வகுப்புக்கு வந்தபோது கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்து இதில் போட்டிருந்தான். விளையாட்டோடு ஒரு வைரஸும் வந்தது.

"ரீச்சர். என்ரை சாமானோ? என்ரை வைரஸோ இதைத் திண்டது?"

"இல்லை. அது இன்னும் உள்ளுக்கைதான் கிடக்கு. கலைக்கிற மருந்து கொழும்பிலை இருந்து வரவேணும். ஆனால் அது இப்பிடிச் செய்யாது. வீட்டுக்காரனைப் பின்னறைக்குத் தள்ளிப்போட்டு, முன்விறாந்தையிலை கதிரை போட்டுக் குந்திக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்."

"வாடகை குடுக்காமல் குடியிருக்குது. யாழ்ப்பாணத்துக்கு இது புதினமே?"



ரீச்சர் பிளொப்பிப் பெட்டியிலிருந்து ஒன்றைப் போட்டு இயந்திரத்தை எழுப்பினாள். எதையோ தட்டினாள். எண்கள் திரையில் வரிசையாக இறங்கின. கடைசி வரிகளில் வெறும் பூச்சியங்கள்.

"அட்டவணை இல்லை," என்றாள். "வெட்டி எடுத்திருக்கு."

"தமிழிலை சொல்லும் பிள்ளை," என்றாள் ஞானாம்பிகை.

"டிஸ்க்கின்ரை முதல் துண்டு, அக்கா. ஐந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்துப் பிடிக்கும். அதின்ரை வால் பக்கத்திலை அறுபத்துநாலு எழுத்து. பதினாறு பதினாறா நாலு வரி. டிஸ்க்கை எப்பிடிப் பிரிச்சிருக்கு, ஒவ்வொரு பங்கும் எங்கை தொடங்குது, எங்கை முடியுது, என்ன வகை. எல்லாம் அந்த நாலு வரிக்குள்ளைதான்."

"காணி உறுதி."

"ஓம். அதேதான். நாலு பங்குக்கு மேலை எழுத இடமில்லை."

"நாலுக்கு மேலை பிள்ளை பெத்தவன் இந்த மெசினை வாங்கக்கூடாது," என்றான் யாகப்பு.

"அப்ப பெயருகள்?" என்று ஞானாம்பிகை கேட்டாள்.

"காணி அப்பிடியே கிடக்கும். மரம், கிணறு, வீடு ஒண்டையும் ஒருத்தரும் தொடேல்லை. உறுதியைத்தான் காணேல்லை. அது இல்லாமல் மெசினுக்குத் தன்ரை வீடு எங்கையெண்டு தெரியாது."

"பெயர் எழுதின பழைய கொப்பி?"

"போன வருசம் பழைய கந்தோரோடை எரிஞ்சு போச்சு."

வெயில் யன்னலால் வந்து மேசைக் காலைத் தொட்டது. வரும்போது அது யன்னல் கட்டில் நின்றது. யாகப்பு அதைப் பார்க்காமல் இருக்க முயன்றான்.

"கள்ளனுக்கு மண்ணெண்ணெய் போதாமல் போயிருக்கும் அக்கா," என்றான். "டிஸ்க் முழுக்க அழிக்கிறதெண்டால் கனநேரம் ஜெனரேற்றர் ஓட வேணும். வெட்டுறதெண்டால் ஒரு சொடக்கு. காணியை எரிக்க நெருப்பில்லை, உறுதியைக் கிழிச்சுப்போட்டு ஓடிட்டான்."

ஞானாம்பிகை எழுந்து வெளியே போனாள். ஓர் ஈர்க்கை முறித்து, ஓடிக்கொண்டிருந்த ஜெனரேற்றரின் எண்ணெய்த் தாங்கி மூடியைத் திறந்து உள்ளே விட்டாள். ஈர்க்கோடு திரும்பி வந்தாள். பாதிவரை நனைந்திருந்தது.

"நெருப்பு இருந்திருக்கு," என்றாள். "எரிக்கத்தான் மனமில்லை."

"அதென்னெண்டு?"

"நீ எத்தினை தரம் கயிறு இழுத்தனி?"

"ஒண்டு."

"பெற்றோல் விட்டனியே?"

"இல்லை. ரீச்சர் எடுக்க முன்னம்..." அவன் நிறுத்தினான்.

குளிர்ந்த ஜெனரேற்றர் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது. அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதலில் சில துளி பெற்றோல். அது உறுமியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பெற்றோல் மருந்துபோல, சிறு போத்தலில்தான் கிடைக்கும். ஒரே இழுவையில் எழும்ப வேண்டுமென்றால், கடைசியாக நிறுத்தியவர் நிறுத்துமுன் அதற்குக் கொஞ்சம் பெற்றோல் குடிக்கக் கொடுத்திருக்க வேண்டும்.

"நேற்று இதை ஓட்டினவர் அப்பிடித்தான் நிப்பாட்டியிருக்கிறார்," என்றாள் ஞானாம்பிகை. "களவெடுக்க வந்தவன் பெற்றோலைக் குடுத்திட்டுப் போவானே? நாளைக்கும் வந்து இதை எழுப்ப வேண்டிய ஆள்தான் குடுக்கும். யோசிச்சுச் செய்யிற வேலையில்லை. கைப்பழக்கம்."

பெற்றோல் போத்தல் ரீச்சரின் கைப்பையை விட்டு இறங்குவதில்லை. யாகப்பு அந்தப் பையைப் பார்த்தான். ரீச்சர் அதை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பிள்ளை," என்றாள் ஞானாம்பிகை. குரல் உயரவில்லை. "நீர் நேற்று அச்சுவேலிக்குப் போகேல்லை."

ரீச்சர் பையை மேசையில் வைத்தாள்.

"போகேல்லை," என்றாள் ரீச்சர்.

யாகப்புவின் கை மேசையில் விழுந்தது. பிளொப்பிப் பெட்டி துள்ளியது.

"ஏன் ரீச்சர்? ஏன்?"

"என்ரை அவர் ஓ நெகற்றிவ்." அவள் திரையைப் பார்த்தே பேசினாள். "போன வருசம் ஒரு பிள்ளைக்கு வேணுமெண்டு வந்திச்சினம். நான்தான் பெயரைத் தேடி எடுத்தன். நான்தான் அனுப்பினன். குடுத்திட்டு வாற வழியிலை ஷெல் விழுந்தது. அந்தப் பிள்ளை தப்பிட்டுது. மகன் நிமலனுக்குப் பதினெட்டு முடிய, தகப்பன்ரை பெயருக்குக் கீழை தன்ரை பெயரைத் தானே இருந்து தட்டினான். அவனும் அதே வகை."

"அவன்ரை பெயரை மட்டும் எடுத்திருக்கலாமே!"

"ஒரு பெயரை எடுத்தால் எடுத்தது ஆரெண்டு தெரியும். எல்லாம் போனால் மெசின் பழுதெண்டு சொல்லலாம்."

"எனக்கு உங்கடை மகன் வேணும், ரீச்சர். இப்ப வேணும். எங்கை அவன்?" என்றான் யாகப்பு.

"கிளாலிக் கடலாலை வெளிக்கிட்டிட்டான்," என்றாள் ரீச்சர். "நேற்று வெட்டின பிறகுதான் வள்ளத்திலை இடம் கிடைச்சுது. இரவே ஏத்திட்டன். இப்ப வவுனியா தாண்டியிருப்பான்."

குற்றவாளி கையில் இருந்தாள், குற்றமும் ஒப்புக்கொண்டாயிற்று. அதில் ஒரு சொட்டு இரத்தமும் இல்லை.

"வேறை ஆர் இருக்கினம்?" ஞானாம்பிகை விடவில்லை.

"இருக்கினம். ஒண்டு ரெண்டு பேர். பெயர் ஞாபகமில்லை, அக்கா. சத்தியமா. மெசின் தேடும், நான் துண்டிலை எழுதிக் குடுப்பன். வேணுமெண்டால் உறுதியைத் திருப்பி எழுதலாமெண்டு நினைச்சுத்தான் வெட்டினன். வெட்டின பிறகுதான் விளங்கிச்சு. டிஸ்க் ரெண்டு பங்கு. பெயருகள் ரெண்டாம் பங்கிலை. அது எங்கை தொடங்குதெண்டு கொழும்பிலை இதைப் பொருத்தினவனுக்குத்தான் தெரியும்."

"உத்தேசமா ஒரு வேலியைப் போடுங்கோ!"

"எல்லைக்கல்லு ஒரு அடி தள்ளினாலும் வாசிக்கிறதெல்லாம் குப்பைதான், யாகப்பு. புதிசா வேலி போடச் சொன்னால் மெசின் கதியால் தடி நடுற இடத்தை உழுதுபோடும். பேந்து ஒண்டும் மிஞ்சாது."

வெயில் மேசையில் ஏறிவிட்டது. மஞ்சளாகிவிட்டது. யாகப்பு சுவரோடு சாய்ந்தான். ஆசுபத்திரிக்குத் திரும்பிப் போய் என்ன சொல்வது? காலையில் பெர்னடெட் அவன் கையைப் பிடித்து, பிள்ளைக்கு ஆரின்ரை மூக்கு என்று கேட்டாள். அவன் பகிடியாகத்தான் பதில் சொன்னான். கடைசியாகச் சொன்னது அதுவாக இருந்துவிடக் கூடாது.

"பிரதி எங்கை?" என்றாள் ஞானாம்பிகை.

"என்ன அக்கா?"

"உறுதியின்ரை பிரதி. உறுதி எழுதுற நொத்தாரிசு ஒண்டு வைச்சிருப்பார், கந்தோருக்கு ஒண்டு வரும். பிரதியில்லாத உறுதியை நான் கண்டதில்லை."

"இதுக்கு நொத்தாரிசு இல்லை. பிரதி வைக்கச் சொல்லி ஒரு சட்டமுமில்லை. ஒரே ஒரு துண்டு. அதுவும் நான் அழிச்சிட்டன்."

"மெசினை நூத்துப்போட்டுத் திரும்பப் போடும். பிளொப்பியில்லாமல்."

ரீச்சர் போட்டாள். கறுப்புத் திரை. 'தொடங்குகிறது.' மூன்று புள்ளிகள். நின்றது.

ஞானாம்பிகை குடையின் நுனியால் அந்த வரியைத் தொட்டாள்.

"இதைச் சொன்னது ஆர்?"

"டிஸ்க். முதல் பங்கிலை இருக்கிற..." ரீச்சர் பாதியில் நின்றாள்.

"காணி எங்கை கிடக்கெண்டு தெரியாதெண்டனீர். தெரியாதவன் படலை வரைக்கும் எப்பிடி வந்தான்?"

ரீச்சர் திரையைப் பார்த்தாள். முதல்முறையாக அதைப் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"வரக்கூடாது," என்றாள் மெல்ல. "அட்டவணை வெறுமையெண்டால் இந்த வரியே வரக்கூடாது. ஆரோ வழி சொல்லியிருக்கினம்."

யாகப்பு சுவரை விட்டு நிமிர்ந்தான். அவன் கண் அறிவித்தலில் நின்றது. குறிப்பாக யாகப்பு.

"பின்னறை," என்றான்.

இருவரும் திரும்பினார்கள்.

"வீட்டுக்காரனைப் பின்னறைக்குத் தள்ளினதெண்டியள், ரீச்சர். வெறுங்கையோடையோ தள்ளினது? அவன் தன்ரை உறுதியை விட்டிட்டுப் போவானே? யாழ்ப்பாணத்தான் உயிரை விட்டாலும் உறுதியை விடுவானே?"

ரீச்சரின் கை வாய்க்குப் போனது.

"ஏழாம் துண்டு," என்றாள். "ஐயோ. ஏழாம் துண்டு."

"சொல்லும்!"

"உம்மடை வைரஸ் வரேக்குள்ளை முதல் துண்டை அப்பிடியே தூக்கி ஏழாம் துண்டிலை வைச்சிடும். பேந்து அட்டவணையிலை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு தான் முன்னுக்குக் குந்தும். மெசின் எழும்பேக்குள்ளை தன்ரை வேலையை முடிச்சிட்டு, பின்னுக்கிருக்கிறவனைக் கூப்பிட்டு வழி கேக்கும். நான் நேற்று வெட்டினது முன்னுக்கிருந்தது. வெட்டினது பிரதி, அக்கா!"

"மூல உறுதி?"

"முதல் துண்டுக்குப் பின்னாலை அந்தச் சுற்று முழுக்க வெறும் அறையள். ஒருத்தரும் அதுக்குள்ளை போறதில்லை. ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டினம்."

அவள் பிளொப்பியைப் போட்டாள். அவசரத்தில் இரண்டு தரம் தவறித் தட்டினாள். சில வரிதான். ஏழாம் துண்டை வாசி. காட்டு.

எண்கள் இறங்கின. யாகப்புவுக்கு அவற்றில் ஒன்றும் விளங்கவில்லை. ரீச்சரின் உதடு மட்டும் அசைந்தது. அவள் கடைசி வரியின் கடைசி இரண்டு எழுத்துகளில் விரலை வைத்தாள்.

"55. AA."

"அதென்ன?"

"அது இருந்தால்தான் மெசின் அந்தத் துண்டை நம்பும்."

"நொத்தாரிசின்ரை முத்திரை," என்றாள் ஞானாம்பிகை. "உறுதி செல்லும். எழுதும் பிள்ளை."

ஏழாம் துண்டில் இருந்ததை முதலாம் துண்டில் எழுது. ரீச்சர் விசையைத் தட்டினாள். டிஸ்க்கின் சிறு சிவப்பு விளக்கு ஒருமுறை கண்ணடித்தது. அவ்வளவுதான். பிளொப்பியை வெளியே இழுத்து இயந்திரத்தைத் திரும்ப எழுப்பினாள்.

'தொடங்குகிறது.' மூன்று புள்ளிகள்.

யாகப்பு கண்ணை மூடினான். மாதாவே என்றான்.

"திற கண்ணை," என்றாள் ஞானாம்பிகை.

திரை நிறைய எழுத்து. ரீச்சர் ஏற்கெனவே தேடத் தொடங்கியிருந்தாள். ஓ நெகற்றிவ். டிஸ்க் கரகரத்தது. அலுப்பான சத்தம், கோழி கிளறுவதுபோல. நாலு வரி வந்தது.

இராசநாயகம், இணுவில்.
நிமலன், இணுவில்.
சிமியோன், தொண்டைமானாறு.
தம்பிஐயா, கீரிமலை.

முதல் பெயரில் ரீச்சரின் விரல் ஒரு கணம் நின்றது. செத்த கணவரின் பெயரை அவள் நீக்கவில்லை. ஞானாம்பிகை அதைக் கண்டாள்.

"அதுதான் நீர் காணியை எரிக்கேல்லை."

"ஓம்."

யாகப்பு கணக்குப் பார்த்தான். செத்தவர். போனவன். தொண்டைமானாறு போய் ஆளைக் கண்டு கூட்டிவர நடு இரவாகும். கீரிமலையில் மூன்று வருடமாக ஒரு குருவியும் இல்லை. சனம் முழுதும் இரவோடிரவாக எழும்பி வந்த ஊர். அந்தத் தம்பிஐயா எந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில், எந்தக் கோயில் மடத்தில், எந்த நாட்டில் இருக்கிறாரோ.

"முடிஞ்சுது," என்றான். "விலாசமும் இடம்பெயர்ந்து போச்சு."

வெளியே வேலி ஆடியது.

"நிப்பாட்டப் போறியளோ இல்லையோ? எங்கடை கீரிமலையிலை எண்டால் இந்நேரம் கேணியிலை முழுகிப்போட்டு..."

மூவரும் அசையவில்லை.

"உவரின்ரை பெயர் என்ன?" என்று கேட்டாள் ஞானாம்பிகை.

ரீச்சர் தலையாட்டினாள். தெரியாது. மூன்று வருடமாகப் பின்வளவில் இருக்கிறார். கீரிமலையார் என்பதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை.

யாகப்பு கதவால் போகவில்லை. யன்னலால் பாய்ந்தான்.

கொட்டிலடியில் அவர் வெறும் மேலோடு நின்றார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். கக்கத்தில் ஒரு ரெக்சின் பை.

"ஐயா, உங்கடை பெயர் என்ன?"

"ஏன், நிவாரணம் வெட்டப் போறியளோ?"

"பெயர் ஐயா, பெயர்!"

"தம்பிஐயா. இப்ப என்ன அதுக்கு?"

யாகப்பு அவர் காலடி மண்ணில் அப்படியே இருந்துவிட்டான்.

"இரத்தம் ஐயா. நீங்கள் சங்கத்திலை பதிஞ்சிருக்கிறியள்."

"ஓம், பதிஞ்சனான். ஊருக்கு வந்து எழுதிக்கொண்டு போச்சினம். ஒருத்தரும் கூப்பிடேல்லை. விலாசம் மாறினதைச் சொல்லவெண்டு எத்தினை தரம் உந்த வேலியாலை கத்தினன். உந்த ஜெனரேற்றர் சத்தத்திலை ஆருக்குக் கேட்டது?" அவர் யாகப்புவைக் குனிந்து பார்த்தார். குரல் மாறியது. "ஆருக்குத் தம்பி?"

"என்ரை மனுசிக்கு."

"எழும்பும். சட்டையைப் போட்டுக்கொண்டு வாறன்."

சட்டை போடும்போதும் அவர் பையைக் கீழே வைக்கவில்லை. ஒரு கக்கத்திலிருந்து மற்றக் கக்கத்துக்கு மாற்றினார்.

"அதை வைச்சிட்டு வாங்கோ ஐயா. பாரம்."

"வீட்டு உறுதி. இதை விட்டிட்டு நான் கிணத்தடிக்கும் போறதில்லை."

படலையடியில் ரீச்சர் தன் சைக்கிளோடு நின்றாள். "ஒரு போத்தல் போதாது, யாகப்பு. விடிய மற்றது கேப்பினம். நான் தொண்டைமானாறு போறன். சிமியோனோடைதான் வருவன்."

யாகப்பு அவளைப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

ரீச்சர் கைப்பையைத் திறந்து சிறு போத்தலை ஞானாம்பிகையிடம் கொடுத்தாள்.

"பெற்றோல் விட்டு நிப்பாட்டுங்கோ, அக்கா. நாளைக்கும் வேணும்."

தாவடிப் பனைகளின் தலையில் சூரியன் குத்தி நின்றது. தம்பிஐயா கரியரில் இருந்தார். யாகப்பு மிதித்தான். கொக்குவில் வரை ஒரு சொல் பேசவில்லை.

"கதைகாரப் பெடியன் எண்டுதான் நினைச்சன்," என்றார் அவர். "வேலிக்கு இஞ்சாலை எல்லாம் எனக்குக் கேக்கும். நல்லாப் பகிடி விடுவீர்."

"இண்டைக்குக் கையிருப்பு முடிஞ்சுது, ஐயா."

அவர்கள் படியேறும்போது ஆசுபத்திரியில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தாதி அவர் விரலில் குத்தினாள். கண்ணாடித் தகட்டில் துளி விட்டுச் சாய்த்துப் பார்த்தாள். யாகப்பு தகட்டைப் பார்க்கவில்லை. தாதியின் புருவத்தைப் பார்த்தான். அது இறங்கியது.

"சரி. படுங்கோ ஐயா."

வெளியே பெரிய ஜெனரேற்றர் ஒன்று உறுமத் தொடங்கியது. கட்டிலிலிருந்து தம்பிஐயாவின் குரல் வந்தது. "இஞ்சையும் உந்தச் சனியனோ?" பை அவர் நெஞ்சின்மேல் இருந்தது.

டொக்டர் போத்தலைத் தூக்கிக் கொளுவினார். "இது விடியும் மட்டும் தாங்கும். அதுக்குள்ளை மற்றது வந்திட வேணும்."

"வந்துகொண்டிருக்கு, டொக்டர்," என்றான் யாகப்பு. இருட்டுக்குள் தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்பினான்.

நெடுநேரத்துக்குப் பிறகு பெர்னடெட் கண் திறந்தாள். முதலில் போத்தலைப் பார்த்தாள். பிறகு அவனை.

"ஆரின்ரை இரத்தம்?"

"கீரிமலைத் தண்ணி," என்றான்.

அவள் உதடு மெல்ல அசைந்தது. "பகிடிக்கு இண்டைக்கும் லீவு இல்லையோ?"

அவன் முகத்தை அவள் கையில் வைத்து மறைத்தான். கை இன்னும் குளிர்ந்திருந்தது.

மேலே போத்தலில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது விழும்வரை அவன் மூச்சு விடவில்லை.